பத்தொன்பது நொடிக்குச் சொந்தக்காரி

அத்தையைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் சிரித்தார். "மாமியாரைப் பத்தி மருமக நல்லதா எழுதினா யாரு நம்புவாங்க?" நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். எங்கள் வீட்டிலும் மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்தான். ஆனால் சண்டை வேறு, நியாயம் வேறு. நடந்தது எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். போதாததற்கு, முக்கியமான கட்டத்தில் என் இடுப்பில் இரண்டு இடத்தில் ஊசி குத்தியது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

அத்தை நாடகக் குழுவில் உடை மாற்றிவிடுகிறவர். ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் நடிகைகள் மேடையோரம் ஓடி வருவார்கள். இருட்டில் ஒருவர் தயாராக நின்று பழைய உடுப்பை உரித்து, புதியதை மாட்டி, கொக்கி போட்டு, முதுகில் ஒரு தட்டுத் தட்டித் திருப்பி அனுப்புவார். அந்த ஒருவர்தான் அத்தை. வாயில் எப்போதும் ஏழெட்டுக் குண்டூசி கவ்வியிருப்பதால் அங்கே அவருக்குப் பெயரே 'குண்டூசி'. அவர் அதிகம் பேசமாட்டார் என்று குழுவில் ஒரு நம்பிக்கை உண்டு. ஊசியை வெளியே எடுத்த பிறகு அவர் பேசுவதைக் கேட்கக் கொடுத்துவைத்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

குழுவின் பெரிய வெற்றி ஓர் இசை நாடகம். அதற்கு நீளமான தலைப்பு ஒன்று உண்டு, யாரும் அதைச் சொல்வதில்லை. 'துறைமுக நாடகம்' என்றால் போதும், டிக்கெட் கவுன்ட்டரில் புரிந்துகொள்வார்கள். பதினொரு வருடம் ஓடியது. மூன்று கதாநாயகிகள் மாறினார்கள். உடை மாற்றுகிறவர் மட்டும் மாறவில்லை.

கதையின் பின்பாதியில் கதாநாயகி சாம்பல் நிற வேலை உடுப்பில் துறைமுகத்தில் நின்று ஒரு பாட்டுப் பாடுவாள். பாட்டின் நடுவில் மேடை இருண்டு, வெளிச்சம் வரும்போது சிவப்பு கவுனில் கப்பல் தட்டில் நிற்பாள். அந்த இருட்டுக்காக இசையமைப்பாளர் ஒரு வயலின் துண்டு எழுதியிருந்தார். முதல் நாள் மேடையேற்றத்தில் வயலின் முடிந்துவிட்டது, கவுன் முடியவில்லை. முதுகில் இடுப்பிலிருந்து கழுத்து வரை பதினொரு கொக்கி. அரங்கம் முழுக்க இருட்டு, நிசப்தம். நடிகைக்குக் கால் நடுங்குகிறது. எந்த நேரமும் கவுனோடு வெளியே ஓடிவிடுவாள் போல. "பொறு, இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்ல அத்தைக்கு வாய் இல்லை. வாய் முழுக்க ஊசி. அதனால் மூடிய உதட்டோடு அதே பாட்டின் மெட்டை முனகினார். ஒவ்வொரு கொக்கிக்கும் ஓர் அடி. எத்தனை அடி மீதியோ அத்தனை கொக்கி மீதி என்று அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது. கால் நடுக்கம் நின்றது.

நடிகையின் காதோரத்தில் ஒட்டியிருந்த மைக்கை அத்தை மறந்துவிட்டார். மண்டியிட்டு இடுப்பில் தொடங்கியவர் கொக்கி கொக்கியாக எழுந்து கழுத்துக்கு வந்து முடித்தார். அதனால் அந்த ஒலியும் எங்கேயோ ஆழத்தில் தொடங்கி, மெல்ல மெல்ல ஏறி, கடைசியில் காதுக்குள் வந்து நின்றது. பத்தொன்பது நொடி. விளக்கு வந்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

மறுநாள் நாடக இயக்குநர் வயலின் துண்டைத் தூக்கிவிட்டார். "இனிமே அந்த இடத்துல ஹம்மிங்தான்," என்றார். கொஞ்ச நாளில் ஜனங்களுக்கும் அது பழக்கமாகிவிட்டது. மேடை இருண்டதும் அவர்களும் உதட்டை மூடிக்கொண்டு கூடவே முனகுவார்கள். பதினொரு வருடமும் அப்படித்தான். இதில் ஒரே ஒருவருக்குத்தான் வயிற்றெரிச்சல். வயலின் எழுதியவருக்கு.

பிறகு நாடகத்தைப் படமாக எடுக்க ஒரு தயாரிப்பாளர் வந்தார். படம் வெளிவந்த நாளிலிருந்து நாடகத்தை மேடை ஏற்றக் கூடாது என்பது ஒப்பந்தம். பாட்டு எழுதியவர், நடனம் அமைத்தவர் என்று ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்க ஒத்திகை அறையில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். அத்தையும் வரிசையில் நின்றார். தைரியம் சொல்லி அனுப்பியவள் நான்தான். வாயில் ஊசி இல்லாமல் போனார்.

"உங்களுக்கு என்னம்மா?" என்று மேசைக்காரர் கேட்டிருக்கிறார்.

"அந்த இருட்டுல வர்றது என்னோடது."

பக்கத்து நாற்காலியில் இருந்த இசையமைப்பாளர் தலையைத் தூக்காமலே சொன்னாராம். "அது முனகல். நோட்டுல எழுதாத எதுவும் பாட்டுல சேர்த்தி இல்ல. படத்துல டிரஸ் மாத்த ஷாட்டை வெட்டுனா போதும், ஆள் தேவையில்ல. அடுத்தவங்க வாங்க."

அத்தை வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொல்லும்போது அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலை. நேராகப் போய்த் தையல் மெஷினில் உட்கார்ந்தார். அதுவரை அந்த மெஷின் ஓடினால் கூடவே அத்தையின் முனகலும் ஓடும். எனக்கு அது தொல்லை என்றுகூட ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்து மெஷின் மட்டும் ஓடியது. படப்பிடிப்பு நடந்த எட்டு மாதமும் வீட்டில் அந்தக் குரல் இல்லை. மேடையில் மட்டும், கடமைக்கு, கடைசிக் காட்சி நாள் வரை முனகினார். நாடகப் பாட்டுகள் வெளியான இசைத்தட்டில்கூட அது கிடையாது, அங்கேயும் வயலின்தான். ஆக, படத்திலும் இல்லையென்றால் அது உலகத்திலேயே இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் வேலை பார்ப்பது ஒரு நாளிதழில், விளம்பரப் பிரிவில். படம் வெளிவந்த வெள்ளிக்கிழமை எல்லாப் பத்திரிகையையும் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அத்தை சட்டைக்குப் பட்டன் தைத்தபடி, "படி, என்னதான் எழுதியிருக்காங்கன்னு பாப்போம்," என்றார். எனக்கு உள்ளூர ஒரே ஆசை. எல்லோரும் படத்தைத் துவைத்துக் காயப்போட்டிருக்க வேண்டும்.

ஒருவர்கூடத் துவைக்கவில்லை. ஒரு பத்திரிகை, 'கண்ணுக்கு விருந்து' என்றது. இன்னொன்று, 'துறைமுகத்துக்குக் கிடைத்த வெள்ளித்திரை வெளிச்சம்' என்று நான்கு நட்சத்திரம் கொடுத்திருந்தது. மூன்றாவது, கப்பல் காட்சியில் நாற்பது வயலின் சேர்ந்து ஒலிப்பதை 'நாடகத்தின் குறையைத் தீர்த்த இசை' என்று புகழ்ந்திருந்தது. அந்த வரியைப் படிக்காமல் தாண்டப் பார்த்தேன்.

"ஏன் முழுங்குறே? முழுசாப் படி."

படித்தேன். அத்தை நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "சரிதான். குறை தீந்துச்சுல்ல, விடு," என்று சட்டையை மடித்துவைத்தார். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சிய பாவம் என் தலையில்.

எங்கள் பத்திரிகையில் விமர்சனம் ஒரு நாள் தள்ளித்தான் வரும். எழுதுகிறவர் மூன்றாம் மாடியில் இருக்கிறார். ஐம்பது வயது, ஒல்லி, எப்போதும் ஒரே பழுப்புக் கோட்டு. ஊரே அவரைக் 'கத்தரி' என்று அழைக்கும். விளம்பரம் கொடுத்த படத்தையும் வெட்டுவார், கொடுக்காத படத்தையும் வெட்டுவார். சனிக்கிழமை காலை அலுவலகத்துக்குள் நுழைந்தபோது எங்கள் மேலாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். படத்தின் முழுப்பக்க விளம்பரத்துக்கு நேர் எதிர்ப் பக்கத்தில் கத்தரியின் கட்டுரை. தலைப்பு, 'நாற்பது வயலின், ஒரு வெற்றிடம்'.

நின்றபடியே படித்தேன். நடிப்பு பரவாயில்லை, ஒளிப்பதிவு நன்று என்று நாலு வரியில் முடித்துவிட்டு மீதி முழுவதையும் அந்தப் பத்தொன்பது நொடிக்கு ஒதுக்கியிருந்தார். 'திரை இருண்டது. வயலின்கள் தொடங்கின. எனக்குப் பின் வரிசையில் ஒரு பெண் உதட்டை மூடி முனகத் தொடங்கினாள். பிறகு அவளுடைய கணவர். பிறகு பாதி அரங்கம். நாற்பது வயலினும் சேர்ந்து அவர்களை அமர்த்த முடியவில்லை. பார்வையாளர்களே தங்கள் வாயால் நிரப்பிக்கொள்ள வேண்டிய ஓட்டை ஒரு படத்தில் இருக்குமானால், அது எவ்வளவு பெரிய ஓட்டை!' கடைசியில் ஒரு கேள்வி. 'பதினொரு வருடம் இருட்டில் ஒலித்த அந்தக் குரல் யாருடையது? நாடகத்தின் அறிமுகத் தாளில் அந்தப் பெயரை ஒருநாளும் அச்சிடவில்லையே, ஏன்?'

எனக்குக் கண் கலங்கிவிட்டது. விளம்பரம் போச்சே என்று அழுகிறேன் என நினைத்து மேலாளர் ஆறுதல் சொன்னார்.

அதற்குப் பிறகு மடை திறந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆறு பேர் அதையே எழுதினார்கள். நான்கு நட்சத்திரம் கொடுத்த ஆள், முதல் காட்சியிலேயே தனக்கு ஏதோ நெருடியதாக இரண்டாவது கட்டுரை எழுதினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இதுதான். படம் பார்த்தவர்கள் அரங்கத்தில் முனகுவதைச் செல்போனில் பதிவுசெய்து ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள். 'குரல் யாருடையது?' என்று ஊரே கேட்டது. மூன்று கதாநாயகிகளில் இருவர் தாங்கள் இல்லை என்றார்கள். மூன்றாமவர் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆம் என்றும் சொல்லவில்லை, புன்னகைத்தாராம்.

அந்தப் புன்னகை என் பொறுமையைத் தீர்த்துவிட்டது. திங்கட்கிழமை லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் மூன்றாம் மாடி ஏறினேன்.

"சார், அந்தக் குரல் எங்க அத்தையோடது."

கத்தரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இன்னைக்கு நீங்க அஞ்சாவது ஆளும்மா. ஒருத்தர் அவங்க பெரியம்மான்னு சொன்னார். இன்னொருத்தர் தானேன்னார். அவருக்கு மீசை இருக்கு."

"வீட்டுக்கு வந்து கேளுங்க. பொய்யா இருந்தா என் வேலையை விட்டுடறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மத்தியானம் மூன்று மணிக்கு எங்கள் முன்னறையில் கத்தரி உட்கார்ந்திருந்தார். அத்தைக்கு என்மேல் வந்த கோபத்தை எழுதினால் தனிக் கட்டுரையாகும். அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டுபோய், "என்னை யாரு கேட்டா? வேண்டாம்னு ஆனதை ஏன் கிளறுறே?" என்றார். நான் கெஞ்சினேன். கடைசியில், என் வேலைக்காக என்றதும், வேண்டாவெறுப்பாக வந்து நாற்காலியில் உட்கார்ந்து முனகினார்.

சகிக்கவில்லை. அதை மறைத்து என்ன பயன்? தட்டையாக, சுருதி இல்லாமல், சளி பிடித்த குரலில் வந்தது. கத்தரி மரியாதையாகத் தரையைப் பார்த்தார். அத்தையின் முகம் சிவந்துபோனது. "பாத்தியா? அந்த மனுஷன் சொன்னது சரிதான். இது பாட்டே இல்ல," என்றார். எட்டு மாதத்தில் முதல்முறையாக அவர் கண்ணில் நீரைப் பார்த்தேன்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. இந்த வீட்டில் அத்தை சும்மா உட்கார்ந்து ஒருநாளாவது முனகியிருக்கிறாரா? உள்ளே ஓடிப்போய், நாடகம் நின்றதும் குழு அத்தைக்கே கொடுத்துவிட்ட சிவப்பு கவுனை எடுத்து, போட்டிருந்த உடுப்புக்கு மேலேயே மாட்டிக்கொண்டு வந்து முன்னறை நடுவில் நின்றேன். நடிகையின் இடுப்பு வேறு, என் இடுப்பு வேறு. கொக்கி சேர ஒரு சாண் பாக்கி.

"அத்தை, இதைப் போட்டுவிடுங்க. சீக்கிரம், லைட் வரப்போகுது!"

வேலை என்று வந்துவிட்டால் அத்தைக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. கை தானாக ஊசிப் பெட்டிக்குப் போனது. ஏழெட்டை எடுத்து உதட்டில் கவ்வினார். என் பின்னால் மண்டியிட்டார். துணியை இழுத்து முதல் ஊசியைக் குத்தினார், துணிக்குப் பாதி, எனக்குப் பாதி. கத்த வாயெடுத்தேன். அதற்குள் அது தொடங்கிவிட்டது.

அரங்கத்தில் கடைசி வரிசையிலிருந்து இருமுறை கேட்டிருக்கிறேன். இத்தனை அருகில் கேட்டதில்லை. இடுப்பிலிருந்து முதுகுக்கு, முதுகிலிருந்து தோளுக்கு, ஊசிக்கு ஓர் அடியாக ஏறி வந்தது. பயப்படாதே, முடியப்போகிறது, நான் இருக்கிறேன் என்று அந்தக் குரல் சொல்கிறது. இத்தனை வருடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறது. கழுத்தருகே கடைசி அடியைத் தூக்கி நிறுத்திவிட்டு முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். நான் ஓர் அடி முன்னால் போய்விட்டேன், ஏதோ மேடை இருப்பதுபோல.

கத்தரி எழுந்து நின்றிருந்தார். "அம்மா," என்றார். பிறகு முழுப்பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். இத்தனை வார்த்தை தெரிந்த மனிதர் எழுதிக்கொண்டது அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமைப் பத்திரிகையில் முதல் பக்கத்திலேயே அத்தையின் முழுப்பெயர் வந்தது. புதன்கிழமை தயாரிப்பாளரின் கார் எங்கள் தெருவில் நுழைய முடியாமல் முக்கில் நின்றது. வாரம் முடிவதற்குள் அந்த இடத்தை மட்டும் மாற்றி மறுபடி வெளியிடப்போகிறார்களாம். அத்தை வந்து முனகிக் கொடுத்தால் போதுமாம்.

"வர்றேன்," என்றார் அத்தை. "எங்க மருமகளும் வருவா."

ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு பெரிய மைக்கைத் தாங்கியில் நிறுத்தி, முன்னால் நாற்காலி போட்டிருந்தார்கள். அத்தை நாற்காலியைத் தானே தூக்கி ஓரமாக வைத்தார். சிவப்பு கவுனை மாட்டிக்கொண்டு நின்ற என் காதோரம் சின்ன மைக்கை ஒட்டச் சொன்னார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இசையமைப்பாளர் உட்கார்ந்திருந்தார். இந்த ஒரு வாரத்தில் ஆள் பாதியாகியிருந்தார்.

"தொடங்கலாமாம்மா?" என்றார் ஒலிப்பெட்டி வழியாக.

அத்தை ஊசிகளைக் கையிலேயே வைத்துக்கொண்டார். "நோட்டுல எழுதாதது பாட்டுல சேர்த்தி இல்லன்னு நீங்கதான் சொன்னீங்க. முதல்ல எழுதுங்க. எழுதின பிறகு தர்றேன்."

தயாரிப்பாளர் இசையமைப்பாளரைப் பார்த்தார். அவர் நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் திறந்து எங்கள் பக்கம் வந்தார். அத்தை ஒருமுறை செய்து காட்டினார். அவர் எழுதினார், அடித்தார், திரும்ப எழுதினார். அடிகள் ஒரே அளவில் இல்லை என்று திணறினார். "ஏழாவது கொக்கி கொஞ்சம் இறுக்கம். அங்க மூச்சு நீளும்," என்று அத்தை விளக்கினார். மூன்றாவது முறை அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். சின்னக் குரலில், "என் வயலினைவிட இதுதான் அந்த இடத்துக்குச் சரி. முதல் நாளே எனக்குத் தெரியும்," என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நான் மன்னித்துவிட்டேன். அத்தை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. ஊசியை வாயில் வைத்துக்கொண்டார், வேலை தொடங்கியது.

மறுவெளியீட்டின் முதல் காட்சிக்குக் குடும்பத்தோடு போனோம். எழுத்து ஓடும்போது பாடியவர்கள் பட்டியலில் அத்தையின் பெயர் வந்தது. என் வீட்டுக்காரர் அடித்த விசிலில் முன்வரிசைக் குழந்தை அழுதது. கப்பல் காட்சி வந்தது. திரை இருண்டது. அரங்கத்தில் எல்லோரும் கூடவே முனகுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எண்ணூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். பதினொரு வருடம் யாருடைய முதுகுக்குப் பின்னாலோ நின்று முனகியவர், முதல்முறையாக ஓர் இருக்கையில் உட்கார்ந்து அதைக் கேட்டார். என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். விளக்கு வருவதற்கு முன்பே கைதட்டல் தொடங்கிவிட்டது. நான் அழுதேன், வெட்கப்படாமல் அழுதேன்.

வெளியே வந்தபோது படிக்கட்டருகே கத்தரி காத்திருந்தார், அதே பழுப்புக் கோட்டில், கையில் குறிப்பேடோடு. சுற்றிலும் இன்னும் பத்துப் பதினைந்து நிருபர்கள்.

"இந்தப் படத்துக்கு இன்னைக்கு நான் விமர்சனம் எழுதப்போறதில்ல. நீங்க சொல்லுங்கம்மா, அப்படியே போடுறேன். படம் எப்படி?" என்றார்.

தயாரிப்பாளர் பக்கத்திலேயே பல்லெல்லாம் தெரிய நின்றுகொண்டிருந்தார். நான் அத்தையின் முழங்கையை மெல்ல இடித்தேன். அது வீண் வேலை.

"முதல் பாதி ஓடுது. பின்பாதி இழுவை," என்றார் அத்தை. "கதாநாயகி கவுன்ல இடது தோள் தையல் கோணல், படம் பூரா என் கண்ணு அங்கேயே போச்சு. கப்பல் நல்லா இருக்கு. வில்லன் எதுக்கு அவ்ளோ கத்துறான்னு புரியல. ரெண்டரை நட்சத்திரம் போட்டுக்குங்க."

நிருபர்கள் சிரித்தார்கள். கத்தரி சிரிக்காமல் எழுதிக்கொண்டே, "அந்த முனகல்?" என்று கேட்டார்.

அத்தை சேலைத் தலைப்பைத் தோளில் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார்.

"முனகல் இல்ல, பாட்டு," என்றார். "நான்தான் பாடினேன். ரொம்ப நல்லாப் பாடியிருக்கேன்."